வெளியிலிருந்து வந்தவர்கள் கட்டிய துறை: சூரிச் பல்கலைக்கழக இரசாயனவியலின் கதை

ஒரு பல்கலைக்கழகத் துறையின் சாதனை என்று நாம் எதைச் சொல்கிறோம்? பெரும்பாலும் பரிசுகளையே எண்ணுகிறோம். அந்தக் கணக்கில் பார்த்தால் சூரிச் பல்கலைக்கழக இரசாயனவியல் துறைக்கு இரண்டு பெரிய பெயர்கள் உண்டு. ஒருவர் 1913இல் நோபல் பரிசு பெற்ற அல்பிரட் வேர்ணர். மற்றவர் 1937இல் அதே பரிசைப் பெற்ற பவுல் கரர். ஒருவர் ஆசிரியர், மற்றவர் அவருடைய மாணவர்.

ஆனால் இந்த இரு பெயர்களோடு நிறுத்திக்கொண்டால் கதையின் பாதிதான் எமக்குக் கிடைக்கும். அந்தப் பரிசுகளுக்குப் பின்னால் வெளிச்சமில்லாத நிலவறைகளில் ஆண்டுக்கணக்காகப் பளிங்குகளை வளர்த்த மாணவர்கள் இருந்தார்கள். அவர்களில் பலர் இந்த நாட்டில் பிறக்கவில்லை. பலர் பெண்கள். தமது நாட்டில் பல்கலைக்கழகக் கதவு மூடப்பட்டதால் இங்கே வந்தவர்களும் இருந்தார்கள். பரிசு பெற்ற பேராசிரியர் வேர்ணரே எல்லை தாண்டி வந்தவர்தான்.

சுவிற்சர்லாந்தில் எமது பிள்ளைகளின் இரண்டாம், மூன்றாம் தலைமுறை படித்துக்கொண்டிருக்கும் இன்றைய காலத்தில் இந்தக் கதையை நாம் அறிந்திருப்பது நல்லது. வெறும் பெருமைக்காக அல்ல. இந்த நாட்டின் அறிவியல் யாரால் கட்டப்பட்டது, அதில் நுழையும் வழிகள் எவை என்பதைப் புரிந்துகொள்வதற்காக.

ஏதிலிகளோடு தொடங்கிய பல்கலைக்கழகம்

சூரிச் பல்கலைக்கழகம் 1833இல் தொடங்கப்பட்டது. அதன் முதல் துணைவேந்தர் எனச் சொல்லத்தக்க ரெக்டர் லொறன்ஸ் ஓக்கன் ஜேர்மனியர். தனது அரசியல் கருத்துகளால் அங்கே பதவி இழந்தவர். இரசாயனவியலைக் கற்பிக்க வந்த கார்ல் லோவிக்கும் ஜேர்மனியரே. புரோமின் என்ற மூலகத்தைத் தன் மாணவப் பருவத்திலேயே தனியாகப் பிரித்தெடுத்தவர் அவர். 1836இல் இங்கே விரிவுரையாற்றத் தொடங்கிய எழுத்தாளர் கேயோர்க் பூக்னர், ஹெசன் அரசின் பிடியாணைக்குத் தப்பி ஓடிவந்த ஏதிலி. சில மாதங்களில் 23 வயதிலேயே நோயால் இறந்துபோனார். இன்று ஜேர்மன் பாடப் புத்தகங்களில் எமது பிள்ளைகள் படிக்கும் பூக்னர் இவர்தான்.

அடுத்து வந்தவர்கள் பெண்கள். 1867இல் நதேஸ்டா சுஸ்லோவா என்ற ரஷ்யப் பெண் இங்கே மருத்துவத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். பண்ணையடிமையாக இருந்து விடுதலை பெற்ற ஒருவரின் மகள் அவர். ரஷ்யப் பல்கலைக்கழகங்கள் பெண்களை ஏற்காத காலம் அது. அவருக்குப் பின் ரஷ்யப் பேரரசிலிருந்து பெண்கள் கூட்டமாகச் சூரிச்சுக்கு வரத் தொடங்கினர். அரசியல் கருத்துகள் பரவுவதைக் கண்டு அஞ்சிய சார் அரசு, 1873இல் அவர்களைச் சூரிச்சை விட்டு வெளியேறும்படி ஆணை பிறப்பித்தது. அந்த நெருக்கடிக் காலத்திலேயே, 1874இல், பின்லாந்தைச் சேர்ந்த லிடியா செசெமான் சூரிச்சில் இரசாயனவியலில் கலாநிதிப் பட்டம் பெற்றார். அந்தப் பாடத்தில் கலாநிதியான உலகின் முதற் பெண்களில் அவரும் ஒருவர்.

சுவிஸ் பெண்களுக்குத் தேசிய மட்டத்தில் வாக்குரிமை கிடைத்தது 1971இல்தான். வாக்குச்சாவடியின் கதவு திறப்பதற்கு நூறு ஆண்டுகளுக்கும் மேல் முன்னதாக ஆய்வுகூடத்தின் கதவு திறந்திருக்கிறது. அதைத் தட்டித் திறந்தவர்களோ வெளிநாட்டுப் பெண்கள்.

எமது ஊரோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு ஆண்டு போதும். 1875இல் ‘கெமிஸ்தம்’ என்ற இரசாயனவியல் நூல் தமிழில் அச்சாகியது. மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீனின் முயற்சியால் யாழ்ப்பாண மாணவர்களுக்காக வெளிவந்த நூல் அது. லிடியா செசெமான் சூரிச்சில் பட்டம் பெற்ற அடுத்த ஆண்டு, எமது மொழியில் இந்தப் பாடத்துக்கு ஒரு நூல் இருந்தது. இரசாயனவியல் எமக்குப் புதிதாக வந்து ஒட்டிக்கொண்ட பாடமல்ல.

நிலவறையில் ஒரு பேராசிரியர்

அல்பிரட் வேர்ணர் 1866இல் அல்சாஸ் மாநிலத்தின் முல்ஹவுஸ் நகரில் பிறந்தார். அது பாசலுக்கு மிக அருகில் உள்ள ஊர். தந்தை இரும்பு வேலைத்தலம் ஒன்றின் தொழிலாளி. வேர்ணர் நான்கு வயதுச் சிறுவனாக இருந்தபோது அல்சாஸ் பிரான்சிடமிருந்து ஜேர்மனியின் கைக்குப் போனது. வீட்டில் பிரெஞ்சுப் பற்று, பாடசாலையில் ஜேர்மன் மொழி. வீட்டுக்கு ஒரு மொழி, வெளிக்கு ஒரு மொழி என்று வளரும் எமது பிள்ளைகளுக்கு இந்தச் சூழ்நிலை விளங்கும்.

படிப்பதற்காகச் சூரிச் வந்தார். ஈ.ரி.எச் என இன்று நாம் அழைக்கும் தொழில்நுட்ப உயர்கல்விக்கூடத்தில் சேர்ந்தார். கணிதத்தில் அவர் தடுமாறினார் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். ஆனால் பொருட்கள் வெளியில் எப்படி வடிவெடுத்து நிற்கின்றன என்பதைக் கற்பனையில் காணும் ஆற்றல் அவருக்கு அபாரமாக இருந்தது. 1890இல் கலாநிதியானார். 1893இல், 26 வயதில், சூரிச் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பணி கிடைத்தது. அதே ஆண்டில்தான் அவருடைய புகழ்பெற்ற கட்டுரையும் வெளிவந்தது. நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்கு விழித்தெழுந்து, மறுநாள் மாலை ஐந்து மணி வரை இடைவிடாது எழுதி அதன் சாரத்தை முடித்தார் என்று சொல்லப்படுகிறது.

அவர் தீர்த்த புதிர் என்ன? ஊரில் உயர்தரத்தில் இரசாயனவியல் படித்தவர்களுக்கு வெள்ளி நைத்திரேற்றுப் பரிசோதனை நினைவிருக்கும். குளோரைட்டு உள்ள கரைசலில் அதைச் சில துளிகள் விட்டால் வெண்மையான வீழ்படிவு விழும். கோபால்ட்டு, குளோரின், அமோனியா ஆகிய மூன்றும் சேர்ந்த சில நிறச் சேர்வைகளில் இந்தப் பரிசோதனை விசித்திரமான விடைகளைத் தந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு கோபால்ட்டுக்கு மூன்று குளோரின் இருந்தது. ஆனால் ஆறு அமோனியா உள்ள மஞ்சட் சேர்வையில் மூன்று குளோரினும் வீழ்படிவாயின. ஐந்து அமோனியா உள்ள ஊதாச் சேர்வையில் இரண்டு மட்டுமே விழுந்தன. நான்கு அமோனியா உள்ளதில் ஒன்றுதான் விழுந்தது. மீதிக் குளோரின் எங்கே ஒளிந்துகொண்டது?

அமோனியாக்கள் சங்கிலிபோல ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து நிற்கின்றன என்பதே அன்றைய விளக்கம். கோபன்ஹேகன் நகரின் பேராசிரியர் யோர்கென்சன் அதை வலுவாக நிலைநாட்டியிருந்தார். வேர்ணர் அதை மறுத்தார். கோபால்ட்டு நடுவில் நிற்கிறது, அதைச் சுற்றி எப்போதும் ஆறு இடங்கள் உண்டு என்றார். முன், பின், இடம், வலம், மேல், கீழ் என்று ஆறு திசைகள். அந்த ஆறு இடங்களில் அமர்ந்தவை உலோகத்தோடு இறுக்கமாகப் பிணைந்திருக்கும். வெளியே நிற்பவை மட்டுமே கரைசலில் பிரிந்து வரும். ஒரு அமோனியா எழுந்து போனால் அதன் கதிரையில் ஒரு குளோரின் வந்து உட்காரும். உட்கார்ந்த குளோரின் வீழ்படிவாகாது. புதிர் தீர்ந்தது.

இப்படி நடுவில் ஒரு உலோகமும் சுற்றிலும் மற்றவையும் நிற்பவற்றைச் சிக்கற் சேர்வைகள் என்று பாடசாலையில் படித்தோம். எமது குருதியில் ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபினில் இரும்பு நிற்பதும், இலையின் பச்சையத்தில் மக்னீசியம் நிற்பதும் இதே விதமாகத்தான்.

விளக்கம் அழகாக இருந்தது. ஆனால் நிரூபணம் வேண்டுமே! அதைத் தேடும் வேலை அடுத்த இருபது ஆண்டுகளுக்கு நீடித்தது. அதைச் செய்தவர்கள் மாணவர்கள். பழைய கட்டடத்தின் நிலவறைகளில் ஆய்வுகூடம் இருந்தது. நண்பகலிலும் விளக்கு வேண்டும். காற்றோட்டம் போதாது. மாணவர்கள் அந்த இடத்துக்குச் சூட்டிய பெயர் ‘கற்றகோம்பன்’, அதாவது பண்டைக் காலத்துப் பாதாளக் கல்லறைகள். புதிய கட்டடம் 1909இல்தான் கிடைத்தது. வேர்ணரின் வழிகாட்டலில் இருநூறு வரையான கலாநிதிப் பட்ட ஆய்வுகள் நடந்தன. அவர்கள் செய்த ஆயிரக்கணக்கான சேர்வைகளின் மாதிரிகள் சிறு போத்தல்களில் இன்றும் சூரிச்சில் பாதுகாக்கப்படுகின்றன.

வலம்புரியும் இடம்புரியும்

நிரூபணம் எப்படிக் கிடைத்தது என்பதை விளங்கிக்கொள்ளச் சங்கை நினைத்துக்கொள்வோம். இடம்புரிச் சங்கும் வலம்புரிச் சங்கும் ஒன்றுக்கொன்று கண்ணாடி விம்பம் போன்றவை. ஒன்றை எப்படித் திருப்பினாலும் மற்றதாகாது. எமது இரு கைகளும் அப்படியே. சில மூலக்கூறுகளுக்கும் இந்தக் குணம் உண்டு. அத்தகைய பொருளின் ஒரு வகையை மட்டும் பிரித்தெடுத்து, அதன் கரைசலூடாக முனைவாக்கப்பட்ட ஒளியைச் செலுத்தினால், ஒளியின் தளம் ஒரு பக்கமாகச் சுழலும். மற்ற வகை எதிர்ப்பக்கம் சுழற்றும்.

வேர்ணர் சொன்னபடி ஆறு திசைகளில் இடங்கள் அமைந்திருந்தால், சில கோபால்ட்டுச் சேர்வைகளில் வலம்புரி, இடம்புரி என இரு வகைகள் இருந்தே ஆகவேண்டும். சங்கிலி விளக்கத்தில் அதற்கு இடமில்லை. ஆக, இரண்டையும் பிரித்துக் காட்டிவிட்டால் விவாதம் முடிந்தது. ஆனால் இரண்டும் நிறத்திலும் கரையும் தன்மையிலும் ஒரே மாதிரியானவை. கலந்துகிடக்கும்போது பிரிப்பது மிகக் கடினம். ஏறக்குறையப் பத்தாண்டுகள் முயன்றும் கைகூடவில்லை.

1911இல் அதைச் செய்து முடித்தவர் விக்டர் கிங் என்ற அமெரிக்க மாணவர். கற்பூரத்திலிருந்து பெறப்பட்ட ஒரு அமிலத்தின் துணையோடு மீண்டும் மீண்டும் பளிங்காக்கி இரு வகைகளையும் பிரித்தார். அதற்கு முந்திய காலத்தில் சூரிச் வீதிகளில் தெரிந்தவர்கள் அவரை நிறுத்தி, “என்ன, சுழலுதா?” என்று கேட்பார்களாம். ஒரு ஆய்வு மாணவரின் வாழ்வு எப்படிப்பட்டது என்பதை அந்த ஒற்றைக் கேள்வி சொல்லிவிடுகிறது. பல மாதங்களுக்கு விடை “இன்னும் இல்லை” என்பதுதான். ஒருநாள் சுழன்றது.

இரண்டு ஆண்டுகளில் நோபல் பரிசு வந்தது. இரசாயனவியலுக்காகச் சுவிற்சர்லாந்துக்குக் கிடைத்த முதல் நோபல் அது. ஆனாலும் சிலர் விடவில்லை. அந்தச் சேர்வைகளில் காபன் இருக்கிறது, சுழற்சிக்குக் காபன்தான் காரணம் என்றார்கள். அதற்கும் 1914இல் விடை கிடைத்தது. காபன் துளியும் இல்லாத ஒரு கோபால்ட்டுச் சேர்வையை இரு வகைகளாகப் பிரித்துக் காட்டினார்கள். அந்த நுணுக்கமான வேலையில் கைகொடுத்தவர் சோபி மத்தீசன் என்ற மாணவி. பாடப் புத்தகங்களில் வேர்ணரின் பெயர் இருக்கும். சோபி மத்தீசனின் பெயரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

எடித் ஹம்பிரியின் பளிங்குகள்

விக்டர் கிங்குக்குப் பத்தாண்டுகளுக்கு முன்னர் இதே ஆய்வுகூடத்தில் எடித் ஹம்பிரி என்ற இலண்டன் பெண் வேலை செய்தார். 1898இல் சூரிச் வந்தவர், 1901இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். இரசாயனவியலில் கலாநிதியான முதல் பிரித்தானியப் பெண் இவராகவே இருக்கக்கூடும் என்று கருதப்படுகிறது. வேர்ணரின் உதவியாளராகவும் இருந்தார். வலம்புரி, இடம்புரி என இரு வடிவங்கள் கொள்ளக்கூடிய கோபால்ட்டுச் சேர்வை ஒன்றை அவர் தனது ஆய்வில் செய்திருந்தார். அன்று அதை யாரும் அந்தக் கண்ணோடு பார்க்கவில்லை.

பல பத்தாண்டுகளின் பின் அந்தப் பளிங்குகள் மீண்டும் பேசப்பட்டன. அவற்றை அன்றே ஒளியில் வைத்துப் பார்த்திருந்தால் நிரூபணம் பத்தாண்டுகளுக்கு முன்னரே கிடைத்திருக்கும் என்று சில ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். பழைய மாதிரிகளை மறுபடி ஆராய்ந்த வேறு சிலர் அது அவ்வளவு எளிதாக இருந்திராது என்றார்கள். 1991இல் பிரித்தானிய ரோயல் இரசாயனவியற் கழகம் தனது 150ஆவது ஆண்டைக் கொண்டாடியபோது, சுவிஸ் இரசாயனவியலாளர்கள் அனுப்பிய அன்பளிப்பு எடித் ஹம்பிரியின் பளிங்குகள் அடங்கிய ஒரு பெட்டி.

அந்த அன்பளிப்புக்கு இன்னொரு பொருளும் உண்டு. அந்தக் கழகத்தின் முன்னோடி அமைப்பு பெண்களை உறுப்பினராக ஏற்க மறுத்து வந்தது. 1904இல் 19 பெண் இரசாயனவியலாளர்கள் அதை மாற்றும்படி கூட்டாக மனுச் செய்தார்கள். அவர்களில் எடித் ஹம்பிரியும் ஒருவர். 1920இல்தான் கதவு திறந்தது. தன் நாட்டுக் கழகம் உள்ளே விடாத ஒரு பெண்ணுக்கு, வேற்று நாட்டின் நிலவறை ஆய்வுகூடம் இடம் கொடுத்திருந்தது. அவர் 102 வயது வரை வாழ்ந்து 1978இல் மறைந்தார்.

கரட்டிலிருந்து கண்ணுக்கு

பவுல் கரர் 1889இல் மொஸ்கோவில் பிறந்தவர். பெற்றோர் சுவிஸ் நாட்டவர். சிறுவயதிலேயே குடும்பம் நாடு திரும்பியது. வேர்ணரிடம் கோபால்ட்டுச் சேர்வைகளில் ஆய்வு செய்து 1911இல் கலாநிதியானார். வேர்ணர் நோயுற்று 1919இல் 52 வயதில் இறந்தபின் துறையின் பொறுப்பு கரரிடம் வந்தது. அவர் உலோகங்களை விட்டுத் தாவரங்களின் நிறங்களுக்குப் போனார்.

கரட்டுக்கு நிறம் தருவது கரோட்டின். அது 40 காபன் அணுக்கள் கொண்ட நீண்ட மூலக்கூறு. அதன் அமைப்பைக் கரரின் குழு 1930இல் வரைந்து காட்டியது. அதன் இரு பாதிகளும் ஒத்தவை என்பது தெரிந்தது. அடுத்த ஆண்டு, மீன் ஈரல் எண்ணெயிலிருந்து எடுத்த விற்றமின் ஏயின் அமைப்பையும் கண்டறிந்தார்கள். அந்த ஆய்வுக் கட்டுரையில் கரரோடு மோர்வ், ஷோப் என்ற இருவரின் பெயர்களும் உள்ளன. விற்றமின் ஏயில் 20 காபன். கரோட்டினின் சரிபாதி! எமது உடல் கரோட்டினை நடுவில் வெட்டித் தனக்கு வேண்டிய விற்றமினைச் செய்துகொள்கிறது. ஒரு விற்றமினின் அமைப்பு உலகில் முதன்முதலாக முழுமையாக வெளிப்பட்டது அப்போதுதான்.

மாலைக்கண் நோய்க்கு முருங்கையிலையும் பப்பாசிப்பழமும் நல்லவை என்று எமது ஆச்சிமார் சொன்னதன் விளக்கம் இதில் இருக்கிறது. அவற்றில் கரோட்டின் நிறைய உண்டு. முருங்கையிலையில் இலையின் பச்சை அதை மறைத்துவிடுகிறது. கரோட்டின் நீரில் கரையாது, கொழுப்பில் கரையும். ஆகவே முருங்கையிலை வறைக்குத் தேங்காய்ப்பூச் சேர்ப்பதும் கரட் சம்பலுக்குத் தேங்காய் சேர்ப்பதும் சுவைக்கு மட்டும் உதவுவதில்லை, கரோட்டின் உடலில் சேரவும் உதவுகின்றன.

கரரின் ஆய்வுகூடத்துக்கு 1930களின் தொடக்கத்தில் ஜோர்ஜ் வோல்ட் என்ற இளம் அமெரிக்க யூதர் வந்தார். கண்ணின் விழித்திரையில் விற்றமின் ஏ இருப்பதை அவர் ஜேர்மனியில் கண்டிருந்தார். அதை உறுதிப்படுத்தச் சூரிச்சுக்கு வந்தார். ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் ஜேர்மனியில் அவரால் வேலையைத் தொடர முடியாமல் போயிற்று. அமெரிக்கா திரும்பி, நாம் எப்படிப் பார்க்கிறோம் என்பதன் இரசாயனத்தை விளக்கினார். 1967இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்றார்.

ஆய்வுகூடத்து அறிவு தொழிற்சாலைக்கும் போனது. 1940களின் பிற்பகுதியில் பாசல் நகரின் ரோஷ் நிறுவனத்தில் ஒட்டோ இஸ்லரின் குழு விற்றமின் ஏயைச் செயற்கையாகத் தயாரிக்கும் வழியைக் கண்டது. இன்று பாசலில் எமது பிள்ளைகள் பலர் வேலை தேடும் மருந்துத் தொழிலின் வேர்களில் ஒன்று சூரிச்சின் கரட்டுச் சாற்றில் இருக்கிறது.

புத்தகத்திலிருந்து வைத்தியசாலைக்கு

வேர்ணரின் சிக்கற் சேர்வைகளால் நோயாளிக்கு என்ன பயன் என்று கேட்கலாம். பிளாட்டினம், இரண்டு அமோனியா, இரண்டு குளோரின் சேர்ந்த ஒரு சேர்வை 19ஆம் நூற்றாண்டிலேயே செய்யப்பட்டிருந்தது. அதன் வடிவத்தை 1893இல் விளக்கியவர் வேர்ணர். பிளாட்டினத்தைச் சுற்றிய சதுரத்தில் இரு குளோரினும் அடுத்தடுத்த மூலைகளில் நின்றால் ஒரு பொருள், எதிரெதிர் மூலைகளில் நின்றால் வேறொரு பொருள் என்றார். எழுபது ஆண்டுகள் அது பாடப் புத்தகத்துச் செய்தியாகவே இருந்தது. 1965இல் அமெரிக்காவில் பார்னெட் ரோசன்பேர்க் என்பவர் அது கலங்கள் பிரிவதைத் தடுப்பதை எதிர்பாராமல் கண்டார். 1978இல் அது புற்றுநோய் மருந்தாக அங்கீகாரம் பெற்றது. சிஸ்பிளாட்டின் என்ற அந்த மருந்தைப் புற்றுநோய்ச் சிகிச்சை பெற்றவர்கள் உள்ள குடும்பங்கள் அறிந்திருக்கும். குளோரின் அடுத்தடுத்து நிற்கும் வடிவமே மருந்து. எதிரெதிர் நிற்பது உதவவில்லை.

சூரிச்சிலும் அந்த மரபு தொடர்கிறது. வைத்தியசாலைகளில் எலும்பையும் இதயத்தையும் படம்பிடிக்க தெக்னீசியம் என்ற கதிரியக்க உலோகத்தைப் பயன்படுத்துகிறார்கள். ஆறு மணி நேரத்தில் அதன் பாதி அழிந்துவிடும். ஆகவே மருந்தை வைத்தியசாலையிலேயே விரைவாகத் தயாரிக்க வேண்டும். தெக்னீசியத்தோடு மூன்று காபனோரொட்சைட்டை இணைத்த ஒரு பயனுள்ள அமைப்பை, சாதாரண அமுக்கத்தில், நீரிலேயே செய்யும் வழியை 1998இல் ரொஜர் அல்பேர்த்தோவும் சக ஆய்வாளர்களும் வெளியிட்டார்கள். அதன்பின் அவர் சூரிச் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அங்கேயும் நடுவில் ஒரு உலோகம், சுற்றிலும் ஆறு இடங்கள். வேர்ணரின் அதே படம்தான்.

பக்கத்தில் உள்ள ஈ.ரி.எச்சின் கதையும் வேறல்ல. 1939இல் நோபல் பெற்ற லெயொபோல்ட் ருசிச்கா இன்றைய குரோஷியாவின் வுக்கோவரில் பிறந்தவர். 1975இல் நோபல் பெற்ற விளாடிமிர் பிரெலொக் சரயேவோவில் பிறந்தவர். ஜேர்மன் படைகள் யூகோஸ்லாவியாவைப் பிடித்த 1941இல், சாக்ரெப் நகரிலிருந்து மனைவியோடு தப்பிச் சூரிச்சுக்கு வந்தார். அவரை ஏற்று இடம் கொடுத்தவர் முன்னரே வந்திருந்த ருசிச்கா. மூலக்கூறுகளின் வலம்புரி, இடம்புரி வேறுபாட்டைக் குறிக்க உலகெங்கும் இன்று பயன்படும் பெயரிடும் முறையில் பிரெலொக்கின் பெயரும் இருக்கிறது.

எமது பிள்ளைகளுக்கு உள்ள வழிகள்

எமது சமூகத்தில் படிப்பு என்றதும் வைத்தியமும் பொறியியலும் முதலில் நினைவுக்கு வருவதற்குக் காரணம் உண்டு. ஊரில் அவையே வாழ்வை உயர்த்தும் வழிகளாக இருந்தன. 1970களில் வந்த தரப்படுத்தலால் தமிழ் மாணவர்கள் அந்தப் பீடங்களுக்குப் போகக் கூடுதல் புள்ளிகள் எடுக்க வேண்டியிருந்தது. இரசாயனவியலில் ஒரு புள்ளி குறைந்ததால் வாழ்க்கை திசைமாறியவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். 1983இற்குப் பின் இங்கே வந்து, உணவகச் சமையலறைகளிலும் வைத்தியசாலைத் துப்புரவிலும் உழைத்த பெற்றோர் விட்ட இடத்திலிருந்து பிள்ளைகள் தொடரவேண்டும் என்று விரும்புவது இயல்பு.

ஆனால் இந்த நாட்டின் கல்விமுறை வேறு. இங்கே ஒரே வாசல் இல்லை. இரசாயனவியலை எடுத்துக்கொண்டால் குறைந்தது மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, ஜிம்னாசியம் சென்று மத்தூரா எடுப்பது. மத்தூரா இருந்தால் சூரிச்சிலோ வேறு சுவிஸ் பல்கலைக்கழகத்திலோ இரசாயனவியலில் நேரடியாகச் சேரலாம். மருத்துவத்துக்குப் போல இடமட்டுப்பாட்டுத் தேர்வு இல்லை.

இரண்டாவது, தொழிற்பயிற்சி. இங்கே ‘லேரே’ என்கிறார்கள். இரசாயன ஆய்வுகூடத்தில் பணிபுரியும் லபோரன்ட் ஆவதற்கு மூன்று ஆண்டுப் பயிற்சி. மாதச் சம்பளமும் உண்டு. அதோடு தொழில் மத்தூராவும் எடுத்தால், வேடென்ஸ்வில், முத்தென்ஸ் போன்ற இடங்களில் உள்ள பாக்ஹோக்சூல எனப்படும் உயர்கல்விக்கூடங்களில் இரசாயனவியற் பட்டம் படிக்கலாம். கையால் வேலை செய்து பழகிய மாணவருக்கு ஆய்வுகூடத்தில் தனி மதிப்பு உண்டு. விக்டர் கிங்கின் வெற்றி கைப்பழக்கத்தின் வெற்றிதானே!

மூன்றாவது வழி பலருக்குத் தெரிவதில்லை. தொழில் மத்தூரா எடுத்த ஒருவர் ‘பசரெல்ல’ என்ற மேலதிகப் பரீட்சையில் சித்தியடைந்தால், பல்கலைக்கழகத்திலும் ஈ.ரி.எச்சிலும் சேரலாம். பதினைந்து வயதில் ஜிம்னாசியம் கிடைக்காத பிள்ளைக்குப் பல்கலைக்கழகக் கதவு மூடப்பட்டுவிட்டது என்று வீட்டில் பேசுவது தவறு. அந்தப் பேச்சே பிள்ளையின் மனதில் கதவை மூடிவிடக்கூடும்.

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. சூரிச் பல்கலைக்கழகக் கட்டணம் ஒரு அரையாண்டுக்கு எழுநூறு பிராங்குக்குச் சற்று மேல். வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் கன்ரன்கள் கல்வி உதவித்தொகை வழங்குகின்றன. வதிவிட அனுமதியைப் பொறுத்த விதிகள் கன்ரனுக்குக் கன்ரன் மாறுபடும், ஆகவே உங்கள் கன்ரனின் உதவித்தொகை அலுவலகத்தில் நேரில் விசாரியுங்கள். கலாநிதிப் பட்ட ஆய்வு மாணவர்களோ இங்கே கட்டணம் கட்டி அல்லற்படுபவர்களல்ல. இரசாயனவியலில் அவர்கள் பொதுவாக ஊழியர்களாக அமர்த்தப்பட்டுச் சம்பளம் பெறுகிறார்கள். ‘இன்னும் படித்துக்கொண்டே இருக்கிறாளே’ என்று கவலைப்படும் பெற்றோர் இதை அறிந்திருப்பது நல்லது.

பாடசாலைப் பருவத்திலேயே ஆர்வத்தை வளர்க்கவும் இடங்கள் உண்டு. சுவிஸ் இரசாயனவியல் ஒலிம்பியாட்டில் ஜிம்னாசிய மாணவர்கள் பங்குபற்றலாம். உலக ஒலிம்பியாட் 2023இல் சூரிச்சிலேயே நடந்தது. இளையோரின் ஆய்வுகளுக்கு ‘சுவைற்சர் யூகென்ட் போர்ஷ்ட்’ என்ற அமைப்பு களம் தருகிறது. பயிற்சியில் சேருமுன் சில நாட்கள் ஒரு ஆய்வுகூடத்தில் இருந்து பார்க்க ‘ஷ்னுப்பர்லேரே’ உண்டு. வகுப்பாசிரியரிடம் கேட்டாலே வழிகாட்டுவார்.

எண்ண வேண்டிய சாதனைகள்

எல்லாப் பிள்ளைகளும் இரசாயனவியல் படிக்க வேண்டும் என்பதல்ல எமது கருத்து. சூரிச்சின் இந்தத் துறை எமக்குச் சொல்வது வேறொன்று. தொழிலாளியின் மகனான வேர்ணர், கணிதத்தில் தடுமாறினாலும், தன் மனதில் வடிவங்களைக் கண்டார். எடித் ஹம்பிரி தன் நாட்டில் கிடைக்காத இடத்தை இங்கே தேடி எடுத்தார். பிரெலொக் தப்பி வந்த நகரில் தன் வாழ்நாள் பணியைச் செய்தார். விக்டர் கிங் “இன்னும் இல்லை” என்ற விடையோடு மாதக்கணக்காக வீதியில் நடந்தார். சோபி மத்தீசன் பெயர் வெளியே தெரியாமல் இறுதி ஆதாரத்துக்குக் கைகொடுத்தார்.

எமது பிள்ளை ஒரு ஆய்வுகூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறது என்றோ, லபோரன்ட் பயிற்சியை முடித்திருக்கிறது என்றோ கேள்விப்படும்போது, ‘அவ்வளவுதானா’ என்று கேட்காமல், ‘அங்கே என்ன செய்கிறாய், எங்களுக்கும் விளங்கச் சொல்லு’ என்று கேட்போம். தமிழில் சொல்ல முடியாமல் பிள்ளை தடுமாறினால் உதவுவோம். 1875இலேயே ‘கெமிஸ்தம்’ அச்சிட்ட மொழி அது, சொற்கள் இருக்கின்றன.

அடுத்த முறை ஊர்க்கூட்டத்திலோ கோவில் திருவிழாவிலோ எமது பிள்ளைகளின் சாதனைகளை வாசிக்கும்போது, பட்டமும் பரிசும் பெற்றவர்களோடு, அமைதியாக வேலை செய்துகொண்டிருப்பவர்களின் பெயர்களையும் சேர்த்து வாசிப்போம். இந்த நாட்டின் பெரிய துறைகள் அப்படிப்பட்டவர்களால்தான் எழுந்தன.